ஒரு தேவதைக் கதையும் ஒரு பெயரின் சுமையும்

ஸ்டீபன் கிங்கின் 'மிசரி' நாவல் பிறந்ததற்கு ஒரு விளக்கம் அடிக்கடி கூறப்படுகிறது. திகில் கதைகளால் புகழ்பெற்ற அவர் 'தி ஐஸ் ஆஃப் தி டிராகன்' என்றொரு தேவதைக் கதையை எழுதினார். வாசகர்கள் பலர் அதை ஏற்க மறுத்தனர். அந்த மறுப்பே எழுத்தாளனைச் சிறைவைக்கும் வாசகி ஒருத்தியின் கதையாக உருக்கொண்டது. கேட்பதற்குப் பொருத்தமான விளக்கம்தான். ஆனால், ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது அது தளர்கிறது.

1974-இல் 'கேரி' வெளிவந்தது முதல் பத்தாண்டுகளில் கிங்கின் பெயர் அச்சத்துக்கே மறுபெயராகிவிட்டது. எனினும் அவருடைய மகள் நவோமிக்குப் பேய்களிலும் இரத்தக்காட்டேரிகளிலும் நாட்டமில்லை. மகள் படிக்கத்தக்க ஒன்றை எழுத வேண்டும் என்ற விருப்பத்தில் டெலேன் என்னும் கற்பனை நாட்டின் கதை எழுந்தது. மன்னன் ரோலண்டை நஞ்சூட்டிக் கொல்லும் மந்திரவாதி ஃபிளாக், பழியை மூத்த இளவரசன் பீட்டர்மீது சுமத்துகிறான். கோபுரச் சிறையிலிருந்து பீட்டர் தப்ப முயல்வதே கதையின் முதுகெலும்பு.

1984-இல் கிங்கின் சொந்தப் பதிப்பகமான ஃபில்ட்ரம் பிரஸ் இதனை வெளியிட்டது. அச்சானவை 1,250 படிகள் மட்டுமே. அவற்றுள் 1,000 படிகள் குலுக்கல் முறையில் விற்கப்பட்டன. வைகிங் நிறுவனத்தின் பொதுப்பதிப்பு 1987 பிப்ரவரியில் வந்த பின்னரே நூல் பரந்த வாசகப் பரப்பை எட்டியது.

வரவேற்பு இரண்டாகப் பிரிந்தது. குழந்தைகளுக்குக் கதை சொல்வதுபோல் இடையிடையே வாசகரை விளித்துப் பேசும் கதைசொல்லியின் குரல் சிலருக்குச் சலிப்பூட்டியது. வேறு சிலருக்கு அதுவே நூலின் தனியழகாகப் பட்டது. இத்தனைக்கும் திகில் இந்நூலை விட்டு முற்றிலும் நீங்கிவிடவில்லை. நஞ்சு மன்னனை உள்ளிருந்தே எரிக்கிறது. சுவரில் மாட்டிய டிராகன் தலையின் கண்ணாடிக் கண்கள் வழியே, ஃபிளாக் அந்த நஞ்சைக் கொண்டுவருவதை இளைய மகன் தாமஸ் ஒளிந்து காண்கிறான். கண்டதை வெளியில் சொல்லாமலே அரியணை ஏறுகிறான். 'தி ஸ்டாண்ட்' நாவலில் வரும் தீயவனின் பெயரும் ஃபிளாக்தான். ஆக, வாசகர் மறுத்தது கதைப்பொருளை அன்று. அது சொல்லப்பட்ட வடிவத்தையே எனலாம்.

'மிசரி' வெளிவந்தது 1987 ஜூனில்; பொதுப்பதிப்புக்கு நான்கே மாதங்கள் கழித்து. ஒரு நாவல் எழுதப்பட்டு, செப்பனிடப்பட்டு, அச்சேற அக்காலம் போதாது. எனவே, பொதுப்பதிப்பு எழுப்பிய ஏமாற்றம் 'மிசரி'யின் காரணமாக இருந்திருக்க இயலாது. 1984-இன் சிறிய வாசக வட்டத்துக்கு மட்டுமே அவ்வாய்ப்பு உண்டு. கிங் தரும் சான்றுகளோ பலதிறப்பட்டவை. இலண்டன் செல்லும் விமானத்தில் கண்ட கனவே வித்து என்று 'ஆன் ரைட்டிங்' நூலில் எழுதுகிறார். அந்தக் கொடிய வாசகி தம்மைப் பீடித்திருந்த கொக்கெய்ன் பழக்கத்தின் உருவகம் என்று பின்னாளில் நேர்காணலில் கூறுகிறார்.

இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க இன்னொரு செய்தி உண்டு. 'மிசரி'யை ரிச்சர்ட் பாக்மன் என்னும் புனைபெயரில் வெளியிடவே அவர் கருதியிருந்தார். 1977 முதல் 1984 வரை அப்பெயரில் ஐந்து நாவல்கள் வெளிவந்திருந்தன. 1985-இல் மறைப்பு அம்பலமாகவே எண்ணம் கைவிடப்பட்டது. தேவதைக் கதைக்கு முன்பிருந்தே தம் பெயரின் சுமையை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு இதுவே வலுவான சான்று. ஒற்றை நூலின் வரவேற்பைக் காட்டிலும், பல்லாண்டுகளாகத் திரண்ட எதிர்பார்ப்பே 'மிசரி'யின் பின்புலம் எனக் கொள்வது பொருந்தும்.

ஓர் இயற்பெயர் வகைமைப் பெயராக மாறும்போது அது வாக்குறுதியின் தன்மையைப் பெறுகிறது. அப்பெயரை நம்பி நூலை வாங்கிய வாசகரின் ஏமாற்றத்தை அறியாமை என ஒதுக்குவது நேர்மையன்று. ஆனால், அவ்வாக்குறுதியை அளித்தவர் எழுத்தாளர் மட்டும் அல்லர். பதிப்புச் சந்தைக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. நூல் எவருக்காக எழுதப்பட்டதோ, அந்த நவோமி அதை ஆர்வமின்றியே கையில் எடுத்தார் என்றும், போகப்போக ஆழ்ந்து படித்தார் என்றும் கிங் பதிவுசெய்கிறார். தந்தையின் பெயர் அவருக்கு எதையும் வாக்களித்திருக்கவில்லை.