தேரிக்காட்டுல ஒரு போட்டோவும் பூட்டியோட கறுப்புச் சேலையும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம், வழக்கமான சாக்குதான். இன்னைக்குப் பதிவு துணிமணி பத்தி. "நாலு டீசர்ட்ல வருஷத்த ஓட்டுற நீயா இதெல்லாம் எழுதுற?"ன்னு நீங்க கேக்குறது காதுல விழுது. ஆனா இதுல கொஞ்சம் வரலாறு இருக்கு, கொஞ்சம் வேதியியல் இருக்கு, எழுபது வருஷமா எங்க குடும்பத்துல கிடந்த ஒரு பழியும் இருக்கு. கொஞ்சம் பொறுமையா படிங்க.

அக்கா பையனுக்குத் திருச்செந்தூர்ல காதுகுத்து. இருக்கன்குடியில இருந்து வேன் பிடிச்சு மொத்தக் குடும்பமும் கிளம்புறதா ஏற்பாடு. அப்படியே பக்கத்துல தேரிக்காட்டுல ஒரு குடும்பப் படம் எடுத்துடணும்னு அக்கா முடிவு பண்ணிட்டா. தேரிக்காடு தெரியாதவங்களுக்கு: தூத்துக்குடி மாவட்டத்துல குதிரைமொழி, சாத்தான்குளம் பக்கமெல்லாம் கிடக்குற செம்மணல் மேடுகள். மணல் மேல இரும்பு ஆக்சைடு படிஞ்சதால அந்த நிறம். காத்து கொண்டுவந்து கொட்டின மணல், காத்து அடிச்சா இன்னமும் நகரும். தமிழ்நாட்டுல பாலைவனம் மாதிரி ஒரு இடம் காட்டுன்னு கேட்டா அதைத்தான் காட்டணும். இப்ப கல்யாண ஜோடிங்க எல்லாம் அங்க போய்த்தான் படம் எடுக்குறாங்க. அதுல காப்புக்காடும் இருக்கு, இஷ்டத்துக்கு உள்ள புகுந்துட முடியாது. அதனால ரோட்டோரமா நின்னு எடுக்குறதா எங்க திட்டம்.

குடும்ப வாட்ஸப் குழுவுல அக்கா ஒரு பட்டியல் போட்டா. எல்லாரும் க்ரீம், பீஜ், சந்தனக் கலர்லதான் வரணும். சிவப்பு கண்டிப்பா கூடாது, மண்ணோட மண்ணா போயிடும். கட்டம் போட்ட சட்டை கூடாது. அப்பா மட்டும் "நான் வேட்டி சட்டைதான்"னு பதில் போட்டுட்டு ஒதுங்கிட்டார்.

எனக்கு அந்த பீஜ் கலரைப் பார்த்ததும் காக்கி ஞாபகம் வந்துச்சு. பாரசீகத்துல, உருதுல 'காக்'னா மண், புழுதி. 1846இல் பெஷாவர்ல ஹாரி லம்ஸ்டன்ங்கிற ஆங்கிலேய அதிகாரி கைட்ஸ் படைன்னு ஒண்ணு ஆரம்பிச்சார். அந்தப் படைக்குப் புழுதி நிறத்துல உடை கொடுத்ததுல இருந்துதான் காக்கி ராணுவத்துக்குள்ள நுழைஞ்சுது. வறண்ட மண்ணுல எதிரி கண்ணுக்குத் தெரியக் கூடாதுங்கிறதுதான் அதோட மொத்த நோக்கமே. தெரியாம இருக்கக் கண்டுபிடிச்ச கலரை நாம அழகாத் தெரியணும்னு போட்டுக்கிட்டு அதே மாதிரி மண்ணுல நிக்கிறோம். இதை அக்காகிட்ட சொன்னேன். "நீ நீலச் சட்டை போட்டுத் தொலை"ன்னுட்டா.

இந்தக் கூத்தெல்லாம் நடக்கும்போது திண்ணையில உக்காந்திருந்த ஆச்சி (அம்மாவோட அம்மா, 1946இல் பிறந்தவங்க) மெதுவா ஒண்ணு சொன்னாங்க. "எதைக் கட்டினா என்னய்யா, படத்துல கறுப்பாத்தான் விழும்."

அந்தப் படத்தைத்தான் சொல்றாங்கன்னு எனக்கு உடனே புரிஞ்சுது. நீங்களும் கேளுங்க.

எங்க ஊரு வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேர்ற இடம். ரெண்டு கங்கை சேர்றதால இருகங்கைக்குடி, அதுதான் இருக்கன்குடி ஆச்சுன்னு ஊர்ல சொல்லுவாங்க. ஆடிக் கடைசி வெள்ளிக்கு மாரியம்மன் கோவில்ல கூடுற கூட்டத்தைப் பார்த்தவங்களுக்குத்தான் தெரியும். வைப்பாறு வடகிழக்குப் பருவமழையை நம்பி ஓடுற ஆறு. ஆடியில ஏது தண்ணி? பெரும்பாலும் வெறும் மணல்தான். அந்த ஆத்து மணல்ல, 1954 ஆடித் திருவிழாவுல, சாத்தூர்ல இருந்து வந்த ஒரு போட்டோக்காரர் எங்க பூட்டன், பூட்டி, எட்டு வயசு ஆச்சி மூணு பேரையும் நிக்க வெச்சு ஒரு படம் எடுத்தார். எங்க குடும்பத்தோட முதல் படமே அதுதான்.

பூட்டன் கையில குடை. ஆச்சி பாவாடை சட்டையில, கண்ணைச் சுருக்கிக்கிட்டு. பூட்டி நெத்தியில பெரிய பொட்டு. சேலை நல்ல கறுப்பு. குடையும் சேலையும் ஒரே கறுப்பு.

படத்தை வாங்கிட்டு வர ஒரு மாசத்துக்கு மேல ஆயிடுச்சாம். அதுக்குள்ள பூட்டன் காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டார். துக்கத்துக்கு வந்திருந்த அவரோட அக்கா, அதாவது பூட்டியோட நாத்தனார், அந்தப் படத்தைப் பார்த்திருக்காங்க. திருவிழாவுக்கு அவங்க வரல. பார்த்துட்டுச் சொன்னாங்களாம்: "கறுப்பைக் கட்டிக்கிட்டு ஆத்தா வாசல்ல போய் நின்னா தாலி நிக்குமா?"

பூட்டி சொல்லிப் பார்த்திருக்காங்க. அது நேர்ச்சைக்காக அருப்புக்கோட்டையில எடுத்த சிவப்பு நூல் சேலைன்னு. யார் கேட்டா? படம் பொய் சொல்லுமான்னு ஒரே கேள்வியில வாயை அடைச்சுட்டாங்க. சேலையை எடுத்துக் காட்டவும் வழியில்ல. வெள்ளைச் சேலைக்கு மாறினதும் அது யார் வீட்டுக்கோ தொட்டில் கட்டப் போயிடுச்சு. 1989இல் சாகுற வரைக்கும் அந்தப் பேச்சு பூட்டியை விடல. ஆச்சிக்கும் சிவப்புன்னுதான் ஞாபகம். ஆனா சுவத்துல மாட்டியிருக்குற கறுப்பைப் பார்த்துப் பார்த்து, நாமதான் தப்பா நினைச்சுக்கிட்டோமோன்னு அவங்களுக்கே சந்தேகம் வந்துடுச்சு.

இப்ப கொஞ்சம் பாடம் நடத்துறேன், தூங்கிடாதீங்க.

1839இல் போட்டோகிராபி உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதுல இருந்து ரொம்ப காலத்துக்கு அந்த ரசாயனத்துக்கு நீலமும் ஊதாவும்தான் நல்லாத் தெரியும். சிவப்பு தெரியவே தெரியாது. நீலம் எல்லாம் வெளுத்துப் போகும், சிவப்பு எல்லாம் கறுத்துப் போகும். சென்னை மாகாண அரசோட போட்டோகிராபரா இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சாவூர்க் கோவில்களைப் படம் எடுத்தாரே, அவருக்கும் இதே தொல்லைதான். நீல வானம் வெறும் வெள்ளையா விழுந்துடும். அதனால சில நெகட்டிவ்கள்ல அவர் கையாலேயே மேகம் தீட்டினார்.

1873இல் பெர்லின்ல ஹெர்மன் ஃபோகல்ங்கிறவர், ரசாயனத்தோட கொஞ்சம் சாயம் சேர்த்தா பச்சையும் மஞ்சளும் பதியும்னு கண்டுபிடிச்சார். அப்படி வந்ததுதான் 'ஆர்த்தோகுரோமாட்டிக்' தகடுகள். அப்பவும் சிவப்புக்குக் குருடுதான். எல்லா நிறமும் பதியுற 'பான்குரோமாட்டிக்' தகடு 1906இல் லண்டன்ல விற்பனைக்கு வந்துச்சு. அப்ப 1954இல் பிரச்சினையே இருக்கக் கூடாதேன்னு நீங்க கேக்கலாம். நானும் அங்கதான் முட்டிக்கிட்டு நின்னேன்.

கண்டுபிடிச்ச நாள் வேற, நம்ம ஊருக்கு வந்து சேர்ற நாள் வேற. பழைய வகையில ஸ்டுடியோக்காரங்களுக்கு ஒரு பெரிய வசதி இருந்துச்சு. அதுக்குச் சிவப்பு தெரியாதுங்கிறதால, இருட்டறையில சிவப்பு விளக்கு போட்டுக்கிட்டு, படம் துலங்கி வர்றதைக் கண்ணால பார்த்தே கழுவலாம். புதுசுன்னா கும்மிருட்டுல, கடிகாரத்தை நம்பிக் கழுவணும். கோடாக் கம்பெனியே சாதாரண ஜனங்களுக்கு 1931இல் இருந்து வித்த வெரிகுரோம் ஃபிலிம் ஆர்த்தோ வகைதான். அதை பான் வகைக்கு மாத்தினது 1956இல். எங்க படத்துக்கு ரெண்டு வருஷம் கழிச்சு!

அதே 1956 பொங்கலுக்குத்தான் தமிழோட முதல் முழுநீளக் கலர் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்துச்சு. அரபுக் கதையில வர்றவங்க உடுப்பைக் கலர்ல பார்த்த சனங்களுக்கு, தன் வீட்டுச் சேலையைக் கலர்ல பதிஞ்சு வெக்க இன்னும் பல வருஷம் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. எங்க வீட்டுல முதல் கலர் ஆல்பம் அம்மா கல்யாணத்துக்கு, 1994இல்.

சேலை மட்டுமில்ல, ஆள் நிறமும் இதுல அடிபட்டுச்சு. மாநிறத் தோல்ல சிவப்பு, மஞ்சள் சாயல் அதிகம். அந்தத் தகடு அதைப் பார்க்காததால ஆள் இன்னும் ரெண்டு படி கறுத்து விழுவாங்க. அந்தக் காலப் படங்கள்ல முகத்துல பவுடரை அப்பிக்கிட்டு நிக்கிறாங்கன்னு சிரிக்கிறோமே, அதுல பாதி இந்தத் தகடோட சண்டை போட்டதுதான்.

சரி, படிச்சாச்சு. ஆச்சிக்கு எப்படிப் புரிய வைக்கிறது?

எங்க வீட்டுச் சுவத்துல சிவகாசி காலண்டர் ஒண்ணு உண்டு, மாரியம்மன் படம். 1923இல் சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்து, லேபிள் அடிக்க அச்சகம் வந்து, அப்புறம் ஊர் உலகத்துக்கே காலண்டர் போச்சு. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைய வந்து கோவில்பட்டியிலேயே தங்கிட்ட கொண்டையராஜு (1976இல் காலமானார்) மாதிரி ஓவியர்கள் தீட்டின சாமிப் படங்கள்தான் சிவகாசியில அச்சாகி நம்ம வீடுகள்ல தொங்குச்சு. யோசிச்சுப் பாருங்க, ஒரே சுவத்துல செக்கச் சிவந்த சேலையில ஆத்தா, பக்கத்துலயே கறுப்புச் சேலையில பூட்டி. எழுபது வருஷமா யாருக்கும் ஒண்ணும் தோணல, என்னையும் சேர்த்துத்தான்.

அந்தக் காலண்டரை மொபைல்ல படம் எடுத்தேன். முதல்ல சாதாரணமா கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். சேலை சாம்பல் கலர்லதான் வந்துச்சு. ஆச்சி உதட்டைப் பிதுக்கினாங்க. அப்புறம்தான் மண்டையில உறைச்சது. இந்த மென்பொருள் எல்லாம் வழக்கமா சிவப்புல சுமார் 30 சதவீதம், பச்சையில 59, நீலத்துல 11னு சேர்த்துக் கறுப்பு வெள்ளை செய்யுது. அது மனுசக் கண்ணுக்கான கணக்கு, அந்தக் காலத் தகடோட கணக்கு இல்ல. மடிக்கணினியில கிம்ப் திறந்து, சிவப்புச் சேனலைத் தூக்கி எறிஞ்சுட்டு, பச்சையையும் நீலத்தையும் மட்டும் வெச்சேன்.

ஆத்தா சேலை கறுத்துடுச்சு. குங்குமமும் கறுப்பு. பின்னாடி இருந்த நீல வானம் வெளுத்துப் போச்சு.

பூட்டி படத்தைக் கழட்டிப் பக்கத்துல வெச்சேன். அங்கயும் வானம் வெள்ளை, பொட்டு கறுப்பு. "ஆச்சி, தாலி கட்டினவ நேர்ச்சைக்குக் கறுப்புப் பொட்டா வெச்சிருப்பா?"ன்னு கேட்டேன்.

ஆச்சி பதில் சொல்லல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, திரும்பப் போட்டுக்கிட்டு, ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் கழிச்சு, "எங்கம்மா சொல்லிக்கிட்டேதான் இருந்தா"ன்னாங்க.

ஒண்ணை நேர்மையா சொல்லிடணும். அது சிவப்புன்னு நான் நிரூபிக்கல. சிவப்பும் கறுப்பும் அந்தத் தகடுக்கு ஒண்ணுதான், அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனா கறுப்புன்னு சாட்சி சொல்ற யோக்கியதை அந்தப் படத்துக்கு இல்ல. மிச்சம் இருக்குற சாட்சி ரெண்டே பேர். ஒருத்தி கட்டினவ, இன்னொருத்தி அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன பொண்ணு. ரெண்டு பேரும் சொன்னது சிவப்பு. அப்படியே கறுப்பா இருந்தாலும் காய்ச்சலுக்கும் சேலைக்கும் என்னய்யா சம்பந்தம்ங்கிறது தனிக் கேள்வி. அதை 1954லயே யாராவது கேட்டிருக்கலாம்.

திரும்பத் தேரிக்காட்டுக்கு வருவோம். தாத்தா போனதுல இருந்து ஆச்சி வெளிர் நிறம்தான் கட்டுவாங்க. காதுகுத்துக்கு முந்தின நாள் அக்காகிட்ட, "நான் சிவப்பு கட்டிக்கிறேன்டி"ன்னு சொன்னாங்க. அக்கா பட்டியல்ல சிவப்பு கூடாது. ஆனா அக்கா ஒரு வார்த்தை பேசல, அவளே போய் அருப்புக்கோட்டை நூல் சேலை ஒண்ணு எடுத்துட்டு வந்தா.

நீங்க யாராவது அங்க போறதா இருந்தா, பட்டு அனுபவம் சில: காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போயிடுங்க. சாயங்காலம்னா அஞ்சு மணிக்கு அப்புறம். வெள்ளை உடுத்தினா மண்ணோட செந்நிறம் துணியில ஏறித் தெரியும், அப்பா வேட்டி கீழ்ப்பாதி காவி மாதிரி விழுந்துச்சு. நீலமும் பச்சையும் எடுப்பா இருக்கும். தொளதொளன்னு பருத்தி போடுங்க. கறுப்பு போட்டா வெந்துடுவோம்னு பயப்படாதீங்க. பாலைவன பெதுயின்கள் ஏன் கறுப்பு அங்கி போடுறாங்கன்னு நெகேவ் பாலைவனத்துல சோதிச்சு 1980இல் 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. அங்கி தொளதொளப்பா இருந்தா, கறுப்பானாலும் வெள்ளையானாலும் உடம்புக்குப் போற சூடு ஒண்ணுதானாம். பூட்டி கறுப்பே கட்டியிருந்தாலும் வெயிலுக்குக் கூட அது குத்தமில்ல, பாருங்க!

அக்கா சொன்னது சரிதான். படத்துல ஆச்சி சேலை மண்ணோட கலந்து, எங்க முடியுது எங்க தொடங்குதுன்னே தெரியல. போட்டோ எடுத்த பையன் வேற சேலை மாத்திக்கிறீங்களான்னு ரெண்டு தடவை கேட்டான். ஆச்சி முடியாதுன்னுட்டாங்க. இப்ப அந்தப் படம் பிரேம் போட்டு 1954 படத்துக்குப் பக்கத்துல தொங்குது. பின்பக்கம் ஆச்சி சொல்லச் சொல்ல நான் எழுதினது: "ஆச்சி சேலை சிவப்பு." பழைய படத்துக்குப் பின்னாடியும் ஒரு வரி எழுதியாச்சு.

உங்க வீட்டுலயும் இப்படிக் கறுப்பு வெள்ளைப் படம் கிடக்கும். அதுல நிக்கிறவங்க யாராவது இருந்தா, இந்த வாரமே போய் அது என்ன கலர்னு கேட்டு எழுதி வைங்க. கேட்டதைப் பின்னூட்டத்துல சொன்னா நானும் தெரிஞ்சுக்குவேன். வரட்டா :-)