மிஸ்டர் எக்ஸ் கேட்ட நஷ்டஈடு

1990களில் நம்ம தூத்துக்குடி லாரி செட்டுகளில் எய்ட்ஸ் எச்சரிக்கை போர்டுகள் தொங்கியது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். உப்பு ஏற்றிக்கொண்டு வெளியூர் போகும் டிரைவர் ஒருவர் எங்கள் தெருவில் குடியிருந்தார். அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு, அவர் மனைவிக்குத் தெரியுமுன் டீக்கடைக்குத் தெரிந்துவிட்டது. எந்த ஆஸ்பத்திரி என்பதை விடுங்கள். ஒரே மாதத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டார். நஷ்டஈடு கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அதே காலத்தில் ஒருவர் கேட்டார். சட்டப் புத்தகங்களில் அந்த வழக்குக்குப் பெயர் 'மிஸ்டர் எக்ஸ் எதிர் ஹாஸ்பிடல் இசட்'. நாகாலாந்து அரசு டாக்டர் அவர். நோயாளி ஒருவருக்குத் துணையாகச் சென்னை வந்த இடத்தில் ரத்தம் கொடுக்க முன்வந்தார். பரிசோதனையில் ஹெச்.ஐ.வி. என்று தெரிந்தது. விஷயம் வெளியே போய், 1995 டிசம்பரில் நடக்கவிருந்த கல்யாணம் நின்றது. சொந்த ஊரில் இருக்க முடியாமல் சென்னைக்கே வந்துவிட்டார்.

மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று வி.பி.சாந்தா வழக்கில் 1995 நவம்பரில்தான் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது. இவரும் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அப்பீலில் 21.9.1998 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு: நோயாளியின் ரகசியம் காக்கப்பட வேண்டியதுதான், ஆனால் மணக்கவிருந்த பெண்ணின் உயிர் அதைவிடப் பெரிது. நஷ்டஈடு கிடையாது. போதாததற்கு, அவருடைய திருமண உரிமையே நிறுத்திவைக்கப்பட்டதாகும் என்றும் எழுதிவிட்டார்கள். 2002-ல் மூன்று நீதிபதிகள் கூடி, அந்தப் பேச்சு தேவையற்றது என்று விலக்கினார்கள்.

அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது நல்லதுதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஊருக்கெல்லாம் ஏன் தெரிய வேண்டும்? 2017-ல் வந்த ஹெச்.ஐ.வி. சட்டம், எழுத்தில் சம்மதம் வாங்காமல் வெளியே சொல்லக்கூடாது என்கிறது. அதுவரை எத்தனை வீடு காலியானதோ.

இப்போது ரிஜிஸ்டர் போய் கம்ப்யூட்டர். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களையே முடக்கிவிட்டார்கள். பல நாள் காகிதத்தில் எழுதித்தான் சமாளித்தார்கள். தகவலைக் காக்கத் தவறிய நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு தரவேண்டும் என்று ஐ.டி. சட்டத்தில் 43ஏ என்றொரு பிரிவு 2008 திருத்தத்தில் வந்தது. 2023-ன் புதிய தகவல் பாதுகாப்புச் சட்டம் அதை நீக்கச் சொல்கிறது. பதிலுக்கு ரூ.250 கோடி வரை அபராதம் உண்டு. அந்தப் பணம் அரசாங்கத்தின் தொகுப்பு நிதிக்குப் போகும். நோயாளிக்கு ஒரு பைசா கிடையாது.

போன வாரம் சர்க்கரை பார்க்கப் போனேன். ரிசல்ட் வாட்ஸ்அப்பில் வரும், நம்பர் சொல்லுங்க என்றார்கள். என்னிடம் வாட்ஸ்அப் இல்லை. பேரன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.