ஏரியும் ஏரும் ஒன்னா?

பாரூர் ஏரியைப் பத்தி நான் சேர்த்து வச்சிருந்த குறிப்புகளில் எந்தச் சொல் எத்தனை தடவை வருதுன்னு எண்ணிப் பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். வந்த கணக்கைப் பார்த்தா தலை சுத்துது. 'ஏரி'யும் இல்ல, 'ஏர்' என்ற கலப்பையும் இல்ல. ரெண்டையும் ஒன்னாக் கூட்டி 'ஏர' என்று ஒரே சொல்! சரி, பாரூர்? ஊரையே காணோம். ப, ர, ர என்று மூணு துண்டாக் கிடந்தது. தென்பெண்ணையில் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தண்ணி வாங்குற ஊருக்கு இந்த கதி :-(

ஆனா யோசிச்சுப் பார்த்தா இது புதுச் சிக்கல் இல்லீங்க. நம்ம கிருஷ்ணகிரிப் பக்கத்து நடுகற்களில் எழுத்து வெட்டியிருந்தா, சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. ஓலைச்சுவடியும் அப்படித்தான். பெரும்பாலும் புள்ளியும் இருக்காது, துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். 'ஏர்' என்று எழுதினவர் ஓலையில் விட்டுப்போனது 'ஏர'. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டப்போ, எந்த இடத்தில் சொல் முடியுதுன்னு முடிவு செய்யறதே பாதி உழைப்பு.

அச்சு வந்து இடைவெளி நிலைச்சது. அப்புறம் கணினி வந்தது, பழைய கதை திரும்பவும் ஆரம்பம்.

1990களின் கடைசியில் திஸ்கியில் தட்டச்சு செஞ்சவங்களுக்கு நினைவிருக்கும். அதில் தமிழ் எழுத்துகள் ஐரோப்பிய எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருந்தன. 'த' இருந்த 190ஆம் இடம் மத்தவங்களுக்கு முக்கால் என்ற பின்னக் குறி. இகரக் கொம்பு இருந்த 162, அமெரிக்க செண்ட் குறி. விம் எடிட்டரில் எது சொல்லெழுத்து என்று சொல்ல 'இஸ்கீவேர்டு' என்று ஒரு அமைப்பு உண்டு. யுனிக்ஸில் அதன் இயல்பான பட்டியலில் 192 முதல் 255 வரை உண்டு, 162ம் 190ம் கிடையாது. ஆக 'தமிழ்' என்ற சொல்லே நாலு துண்டு! 161 முதல் 191 வரையும் அந்தப் பட்டியலில் சேர்த்தாத்தான் ஒரு சொல்லா நகரும்.

யூனிகோடு வந்ததும் எல்லாம் சரியாப் போச்சுன்னுதான் நானும் நினைச்சேன். இப்போதைய விம் தமிழைச் சொல்லாத்தான் எடுத்துக்குது. ஆனா நிரல்மொழிகளின் தேடல் விதிகள் வேற. யூனிகோடில் மெய்யும் உயிரும் 'எழுத்து' வகை. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் 'குறி' வகை. பைத்தானின் வழக்கமான தேடல் பொதியில் 'சொல்லெழுத்து' என்றால் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டும்தான், குறி வெளியே. ஜாவாஸ்கிரிப்டில் இன்னும் மோசம்: ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, அவ்வளவுதான். குறியையும் சொல்லோடு சேர்க்கணும்னு யூனிகோடின் 18ஆம் தொழில்நுட்பத் தரம் சொல்லுது. எல்லாரும் கேட்கல.

வைத்தியம் எளிது. தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களையும் சொல்லெழுத்து என்று நாமே எழுதிக் கொடுத்துட்டா போதும். நானும் செஞ்சேன், பாரூர் முழுசாத் திரும்பி வந்தது.

அப்பாடா என்று உட்கார்ந்தா அடுத்த சந்தேகம். ஏரியில், ஏரிக்கு, ஏரிக்கரை எல்லாம் தனித்தனிச் சொல்லாத்தான் நிக்குது. இதை எந்த அமைப்பும் தீர்க்காது. ஓலையைப் பிரிச்சவர் செஞ்ச வேலையை நாமதான் செய்யணும்.

எனக்குப் பயம் ஒன்னுதான். சுவடி புரியலைன்னா படிக்கிறவருக்கு அது தெரியும். நிரல் ஊர்ப்பேரைத் தொலைச்சா ஒரு பிழைச்செய்தியும் வராது, கணக்கு மட்டும் சுத்தமா வந்து நிக்கும். அதனால சொல் எண்ணினாலும், தேடினாலும், மாற்றினாலும், முதல்ல உங்க ஊர்ப்பேரைத் தேடிப் பாருங்க. கிடைச்சா மேல போகலாம்.