பேட்டன் முதல் ரப்பர் பூட்ஸ் வரை: இங்கிலாந்துப் பெண்களின் மழைக்காலக் காலணி

பேட்டன் என்பது சேற்றிலும் மழையிலும் வெளியே செல்லும்போது, போட்டிருக்கும் காலணிக்கு அடியில் வாரால் கட்டிக்கொள்ளும் மரத்தாலான மேலதிக அடி ஆகும். இடைக்கால இங்கிலாந்தில் ஆண், பெண் இருபாலாரும் இதனை அணிந்தனர். அக்காலத் தோல் காலணிகளின் அடி மிக மெல்லியது. ஈரத் தெருவில் சிறிது தொலைவு நடந்தாலே ஊறிவிடும்.

1416 ஆம் ஆண்டில், ஐந்தாம் ஹென்றியின் ஆட்சியில், ஆஸ்பென் மரத்தில் பேட்டன் செய்வது தடை செய்யப்பட்டது. அம்மரம் போருக்கான அம்புகள் செய்யத் தேவைப்பட்டதே காரணம். பேட்டன் செய்வோர் சங்கம் 1670 இல் அரச சாசனம் பெற்றது. லண்டனில் உள்ள செயின்ட் மார்கரெட் பேட்டன்ஸ் தேவாலயம் இன்றும் இத்தொழிலின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

17 ஆம் நூற்றாண்டில் மர அடியின் கீழ் இரும்பு வளையம் பொருத்தும் முறை பரவியது. வளையம் பாதத்தைத் தரையிலிருந்து உயர்த்தியதால் காலணியோடு நீண்ட பாவாடையின் விளிம்பும் சேற்றிலிருந்து தப்பியது. ஆனால் நடப்பது எளிதாக இல்லை. மேடுபள்ளத்தில் கணுக்கால் பிசகும். 1660 சனவரியில், புதிய பேட்டன் அணிந்த மனைவி மிகவும் சிரமப்பட்டதையும், மெதுவாக நடக்க வேண்டியிருந்ததால் தமக்கு எரிச்சல் வந்ததையும் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். மனைவியின் சிரமத்தோடு தம் எரிச்சலையும் அவர் மறக்காமல் பதிந்திருப்பது கவனிக்கத்தக்கது! கல் பாவிய தெருவில் வளையங்கள் எழுப்பும் ஓசையும் பெரிது. உள்ளே வருமுன் பேட்டனைக் கழற்றுமாறு பெண்களுக்குச் சில தேவாலயங்களில் அறிவிப்பு வைக்கப்பட்டது.

18 ஆம் நூற்றாண்டில் ஆண்கள் தடித்த பூட்ஸுக்கு மாறிவிட்டனர். பெண்களின் காலணியோ பட்டிலும் மெல்லிய தோலிலுமே தொடர்ந்தது. காலணியைத் திருத்தாமல் அதற்கு முட்டுக் கொடுத்தார்கள் என்றே சொல்ல வேண்டும். பேட்டன் பெரும்பாலும் பெண்களுக்குரியதாகி, 19 ஆம் நூற்றாண்டிலும் பணிப்பெண்கள், பண்ணைப் பெண்களிடம் நீடித்தது.

பதப்படுத்தாத ரப்பர் குளிரில் விறைத்துவிடும், வெயிலில் பிசுபிசுக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்கும் என்பதைச் சார்லஸ் குட்இயர் 1839 இல் கண்டறிந்தார். 1844 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதன்பின் காலணிக்கு மேல் அணியும் ரப்பர் உறைகளும், பின்னர் முழங்கால் வரை வரும் பூட்ஸும் பரவின. ரப்பர் பூட்ஸ் தண்ணீரை உள்ளே விடாது. வியர்வையையும் வெளியே விடாது. குளிர்காலத்தில் தடித்த கம்பளிக் காலுறை இல்லாமல் இதை அணிந்தால் பாதம் சில்லிட்டுப்போகும்.

இரண்டாம் உலகப் போரில் பண்ணை வேலைக்கென அமைந்த பெண்கள் நிலப்படையில் 80,000 பேருக்கு மேல் பணியாற்றினர். சாணமும் சேறும் நிறைந்த மாட்டுக்கொட்டகைகளில் ரப்பர் பூட்ஸ் இன்றியமையாதது. அந்த ரப்பரில் பெரும்பகுதி மலாயாவிலிருந்து வந்தது. அங்குத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும் எண்ணிக்கையினர் தமிழர். அவர்களில் பெண்களும் உண்டு. 1942 பிப்ரவரிக்குள் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாயின. இங்கிலாந்தில் ரப்பர் பூட்ஸுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பால் கறக்கும் பெண்கள் போன்றோருக்கே முன்னுரிமை கிடைத்தது, மற்றவர்கள் தோல் பூட்ஸோடு சமாளித்தனர். தோலும் குறைந்தபோது, மர அடி வைத்த காலணிகள் மீண்டும் கடைகளுக்கு வந்தன.