தகடு யாருக்கு?

1904-இல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சேறியது. தெலுங்கு எழுத்து, ஏறக்குறைய 1,700 பக்கம். ஸ்வரத்தோடு கமகக் குறியும் பிசகாமல் உட்கார வேண்டிய வேலை அது. கையால் கோர்க்கும் அச்சில், படி எடுத்ததும் எழுத்துகளைக் கலைத்து கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில், போட்டுவிடுவார்கள். கோர்த்த உழைப்பு காகிதத்தில் மட்டுமே மிஞ்சும். 1961 முதல் சென்னை மியூசிக் அகாதெமி அந்த நூலைத் தமிழில் கொண்டுவந்தபோது, எழுத்தும் மாறியதால், முதல் ஸ்வரத்திலிருந்து மறுபடி கோர்க்க வேண்டியிருந்தது.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கதை வேறு. அங்கே இசையை உலோகத் தகட்டில் செதுக்கினார்கள், அதுவும் இடவலம் மாற்றி. ஒரு ஸ்வரம் தப்பினால் தகட்டைத் திருப்பிப் பின்னாலிருந்து தட்டி, அந்த இடத்தை மட்டப்படுத்தி, சரியான குறியை மறுபடி அடிப்பார்கள். 1846-இல் தொடங்கிய ரோடர் நிறுவனம் பல பதிப்பகங்களுக்கு இப்படிச் செதுக்கித் தந்தது. ஆனால் தகடு பதிப்பகத்தின் சொத்து. எண் போட்டு அடுக்கி வைப்பார்கள். பதிப்பகம் கைமாறினால் தகடும் கூடவே போகும்.

இன்று தகட்டின் இடத்தில் கணினி ஃபைல். கோவை காந்திபுரத்து டிடிபி கடையில் கீர்த்தனைப் புத்தகம் அடிக்கக் கொடுத்தால் கைக்கு வருவது பிடிஎஃப். மேல் ஸ்தாயி ஸ-வின் தலையில் ஒரு புள்ளி விட்டுப்போனால் அது கீழே இறங்கிவிடும்; அந்த ஒரு புள்ளிக்காகப் பார்ட்டி மறுபடி அதே கடைக்குத்தான் வர வேண்டும். திருத்தக்கூடிய ஃபைலைக் கேட்டாலோ கடைக்காரர் தயங்குகிறார். அந்தத் தயக்கம் நியாயமானது. பல வருடம் சேர்த்த வார்ப்புருவும் பக்க அமைப்பும் அதற்குள் இருக்கின்றன. அதை வைத்து அடுத்த பதிப்பைக் குறைந்த கூலிக்கு வேறொருவரிடம் முடித்துக்கொள்ளலாம்.

1957-ஆம் ஆண்டுக் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, கூலி கொடுத்துச் செய்யச் சொன்ன செதுக்குவேலைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் என்கிறது. ஃபைலைப் பற்றி அங்கே பேச்சில்லை. என்றாலும் அதே நியாயப்படி ஃபைலைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்குத் தனி விலை பேசி, வேலை தொடங்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். லைப்சிக் பதிப்பகங்களும் தகட்டைக் காசு கொடுத்துத்தான் வைத்துக்கொண்டன.

எந்த வடிவில் கொடுப்பது என்பதையும் அப்போதே பேசிவிடுவது நல்லது. 1988-இல் வந்த ஃபினாலே என்ற இசைக்குறி மென்பொருளின் வளர்ச்சியை அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. அதில் எழுதிய இசையை மியூசிக் எக்ஸ்எம்எல் வடிவில் மாற்றித் தந்தால்தான் வேறு மென்பொருள் படிக்கும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஃபைலும் அப்படித்தான்: எழுத்துருவையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அடுத்த கடையில் ஸ்வரம் ஸ்வரமாகத் திறக்கும்.