பள்ளி நூலகர் இன்டர்வியூவா? டியூவி நம்பரோட அந்த ஊர்ப் பிள்ளைங்களையும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க!

1923-ம் வருஷம். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நூலகர் தேவைப்பட்டார். சுமார் 900 பேர் விண்ணப்பம் போட்டாங்க. முறையா நூலகப் பயிற்சி எடுத்தவர் அதுல ஒருத்தர்கூட இல்லை. கணக்கு வாத்தியார் ஒருத்தர் விண்ணப்பம் போட்டுட்டு, போட்டதையே மறந்துட்டார். இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்ததும், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பத்தின கட்டுரையைப் படிச்சிட்டுப் போனார். வேலை அவருக்குத்தான் கிடைச்சது. இந்திய நூலக அறிவியலின் தந்தைன்னு நாம கொண்டாடுற எஸ்.ஆர்.ரங்கநாதன், 1924 ஜனவரியில் நூலகரானது இப்படித்தான். (சேர்ந்த சில வாரத்திலேயே ‘போரடிக்குது, பழைய வேலையையே கொடுங்க’னு போய் நின்னாராம். அது தனிக்கதை!)

இன்னிக்கு ஒரு கட்டுரையைப் படிச்சிட்டுப் போனா கதைக்கு ஆகாது. மதுரை - அருப்புக்கோட்டை சாலையில் இருக்கிற காரியாபட்டியையே எடுத்துக்குவோம். அந்தப் பக்கத்துத் தனியார் பள்ளி ஒண்ணுல நூலகர் வேலைக்கு நீங்க போறீங்கன்னு வெச்சுக்குவோம். அரசுப் பள்ளிகள்ல பெரும்பாலும் ஒரு ஆசிரியர்தான் நூலகத்தையும் கூடுதல் பொறுப்பா பார்த்துக்கிறார். அதனால தனியார் பள்ளிகள்லதான் நமக்கு வாய்ப்பு அதிகம். கேந்திரிய வித்யாலயாவுக்கு முயற்சி பண்றவங்களுக்கு நூலக அறிவியல் பட்டம் வேணும். இல்லைன்னா, ஏதாவது ஒரு பட்டத்தோட ஓராண்டு நூலக அறிவியல் டிப்ளமோ இருக்கணும்.

பாடக் கேள்விகளைச் சீக்கிரம் முடிச்சிடலாம். டியூவி தசம முறையில் 800 இலக்கியம், தமிழ் இலக்கியத்துக்கு 894.811. ரங்கநாதனின் ஐந்து விதிகள் 1931-ல் புத்தகமா வந்துச்சு. கோஹா, இ-கிரந்தாலயா மாதிரியான மென்பொருள்ல ஒண்ணையாவது கையால தொட்டுப் பார்த்திருக்கணும். கல்வி உரிமைச் சட்டம் 2009, ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், பத்திரிகை, கதைப் புத்தகங்களோட நூலகம் இருக்கணும்னு சொல்லுது. இதைச் சொன்னா கரஸ்பாண்டன்ட் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்!

ஆனா, ஆளை எடை போடுறது இந்தக் கேள்விகள் இல்லை. “புத்தகத்தைப் பையன் தொலைச்சுட்டா என்ன செய்வீங்க?” இதுதான் அந்த மாதிரிக் கேள்வி. ‘ஃபைன் போடுவேன் சார்’னு பட்டுனு சொல்லிடாதீங்க. அது வானம் பார்த்த பூமி. அப்பா, அம்மா கூலி வேலைக்குப் போய்ப் படிக்க வைக்கிற பிள்ளைக்கு 150 ரூபாய் அபராதம் போட்டா, அது மறுபடி நூலகப் பக்கமே வராது. ‘பதிவேட்டில் குறிச்சு வெச்சுட்டு, முதல்ல தேடச் சொல்லி டைம் கொடுப்பேன். அப்பவும் கிடைக்கலைன்னா வகுப்பு ஆசிரியர்கிட்ட பேசுவேன். வருஷத்துக்கு இத்தனை புத்தகம் தொலையலாம்னு நிர்வாகமும் ஒரு கணக்கு வெச்சுக்கிட்டா நல்லது’னு சொல்லிப் பாருங்க. நான் படிச்ச பள்ளியில் ஒரு புத்தகமும் தொலைஞ்சதே இல்லை. ஏன்னா, பீரோவை யாருமே திறந்ததில்லை! புத்தகம் இருக்கிறது பயன்படத்தான்னு ரங்கநாதன் முதல் விதியிலேயே சொன்னது இதைத்தான்.

அடுத்தது, “எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வருது. எந்தப் புத்தகம் கொடுப்பீங்க?” இதுக்குப் பதில் கூகுள்ல கிடைக்காது, நீங்களே படிச்சிருக்கணும். பள்ளிக்கல்வித் துறை ‘வாசிப்பு இயக்கம்’ புத்தகங்களை நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா பிரிச்சிருக்கு. ஒவ்வொரு படியிலும் ரெண்டு வாசிச்சுப் பாருங்க, எந்தப் பிள்ளைக்கு எதுன்னு பிடிபட்டுடும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், போன்லயே படிக்கலாம். பெரிய வகுப்புக்குக் கண்மாயைப் பத்தின சோ.தர்மனின் ‘சூல்’, 2019-க்கான சாகித்திய அகாடமி விருது வாங்கின நாவல். கண்மாயைப் பார்த்து வளர்ந்த பிள்ளைங்களுக்கு அது வீட்டுக் கதை மாதிரி. கி.ரா. தொகுத்த நாட்டுப்புறக் கதைகளையும் சொல்லலாம். ஆனா, நீங்க முழுசா படிச்சுட்டு, பிள்ளைங்களுக்கு ஏத்ததைப் பிரிச்சு எடுத்துக்கோங்க. எல்லாமே சின்னவங்களுக்கு இல்லை!

‘ஒரு கதை சொல்லிக் காட்டுங்க’ன்னும் கேட்கலாம். அஞ்சு நிமிஷக் கதை ஒண்ணை வீட்டுப் பிள்ளைங்க முன்னாடி ரெண்டு தடவை சொல்லிப் பழகுங்க. கொட்டாவி விட்டா கதையை மாத்திடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாள் மதுரைக்கு பஸ் ஏறி, 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் ரெண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்க. பிள்ளைங்க எந்த அலமாரிக்கு ஓடுறாங்க, எந்தப் புத்தகத்தை ரெண்டே பக்கத்தில் மூடி வைக்கிறாங்கன்னு குறிச்சுக்கோங்க. ‘முதல் மாசம் என்ன செய்வீங்க?’னு கேட்டா, பதில் அந்தக் குறிப்பில்தான் இருக்கும்.

கடைசியில், ‘நீங்க ஏதாவது கேட்கணுமா?’ன்னா, ‘ஒண்ணுமில்லை மேடம்’னு எழுந்துடாதீங்க. ஆசிரியர் லீவு போட்டா அந்த பீரியடை நூலகர் தலையில் கட்டுறது, ஆபீஸ் டைப்பிங் கொடுக்கிறதெல்லாம் பல பள்ளிகள்ல சகஜம். வாரத்துக்கு எத்தனை நூலக பீரியட், புதுப் புத்தகம் வாங்க வருஷத்துக்கு எவ்வளவு, சம்பளம் பன்னிரண்டு மாசமும் உண்டா, இல்லை கோடை லீவுல நிறுத்திடுவாங்களான்னு தயங்காம கேளுங்க. கூடவே, ‘பிள்ளைங்க புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?’ன்னும் கேளுங்க. ‘அதெல்லாம் கிடையாதும்மா’ன்னு பதில் வந்தா, சம்பளம் நல்லா இருந்தாலும் ஒரு ராத்திரி யோசிச்சுட்டுச் சொல்றேன்னு வாங்க.