கல்வித் தகைமையும் சபை வாசலும்

ஒரு சபையில் புதிதாகச் சேர்வோர் எவ்வளவு படித்திருத்தல் வேண்டும் என்ற வினா பழமையானது. பிரீமேசன் சங்கம் முதல் ஊர் வாசிகசாலை வரை இவ்வினா எழாத இடமில்லை. நாட்டின் சட்டத்தை ஆக்கும் சபைக்கே இது எழுந்தபோது இலங்கை கண்ட விடைகளும், அவற்றின் முன் கல்முனைக் கரை நின்ற நிலையும் சிந்திக்கத்தக்கன.

1910 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பயனாக அமைந்த சட்டநிரூபண சபையில் 21 அங்கத்தவர் இருந்தனர். அவருள் தேர்தல் வழியாக வந்தோர் நால்வரே. அந்நால்வரில் ஒருவர் ‘படித்த இலங்கையர்’ பிரதிநிதி. 1911 டிசம்பரில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவ்விடத்தை வென்றார். ஆங்கிலக் கல்வித் தகைமை பெற்ற ஆடவர் ஏறக்குறைய 3,000 பேருக்கே அதில் வாக்குரிமை இருந்தது. முஸ்லிம்களுக்கு ஒரு நியமன ஆசனமே கிட்டியது.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் கல்வியே இல்லாதிருந்ததா? இல்லை. பிள்ளைகள் லெப்பைமாரிடம் குர்ஆன் ஓதினர். அரபுத் தமிழ் நூல்களை வாசிப்போரும் இருந்தனர். ஆயினும் ஆங்கிலம் பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளின் வழியே வந்தது. அங்கே பிள்ளைகளை அனுப்பினால் மார்க்கத்துக்கு இழுக்கு நேரும் என்று பெற்றோர் அஞ்சினர். அவ்வச்சம் அறியாமையன்று, எனினும் அதன் விலை பெரிது. 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கிய சித்திலெப்பை, இவ்விலையை முன்னரே கணித்து ஆங்கிலக் கல்வியை வற்புறுத்தியவர்.

பின்வந்த சீர்திருத்தங்கள் வாசலைச் சற்று அகலமாக்கின. ஆங்கிலமோ சிங்களமோ தமிழோ எழுத வாசிக்கத் தெரிதல் வாக்காளருக்குப் போதுமானதாயிற்று. ஆனால் வருமானம் அல்லது சொத்துத் தகைமையும் வேண்டியிருந்தது. டொனமூர் திட்டத்தின்படி 1931 இல் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தபோது, வாக்காளரின் கல்வித் தகைமை முற்றாக நீங்கிற்று. மருதமுனைத் தறிக்காரரும் வயலில் நின்ற உழவரும் ஒரே நாளில் வாக்காளராயினர்.

ஆனால் அரசாங்க சபை வேட்பாளர் ஆங்கிலம் பேசவும் வாசிக்கவும் எழுதவும் வல்லவராதல் வேண்டும் என்ற விதி நிலைத்தது. வாக்கு ஊருக்கு வந்தது. ஆசனத்துக்குரிய தகைமை ஊரிற் சிலருக்கே இருந்தது. அவ்வாண்டில் மட்டக்களப்புத் தெற்கின் பிரதிநிதியானவர், கொழும்பில் இரத்தின வணிகத்தால் பெயர்பெற்ற குடும்பத்தவரான எச். எம். மாக்கான் மாக்கார். அவர் அமைச்சருமானார். அது முஸ்லிம் சமூகத்துக்குப் பெருமையே. ஆயினும் இக்கரையிற் பிறந்த பிள்ளை ஒருவன் அத்தகைமையை எப்போது பெறுவான் என்ற கேள்வி எஞ்சிற்று.

விடையின் தொடக்கம் பாடசாலையிலிருந்து வந்தது. 1942 இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ. எம். ஏ. அஸீஸ், இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் முஸ்லிம். இப்பகுதியின் நிலையை நேரிற் கண்ட அவர், 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவ முன்னின்றார். வசதியற்ற மாணவர் உயர்கல்வி பெற அது கைகொடுத்தது. 1949 இல் கல்முனை சாஹிராக் கல்லூரி தோன்றிற்று. பின்னர் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் எழுந்தது.

தகைமை வேண்டுவது தவறன்று. சபையில் அமர்வோர் சட்டத்தை வாசித்து அறிதல் வேண்டுமன்றோ? ஆனால் பாடசாலையைக் கட்டாமல் தகைமையை மட்டும் கேட்கும் சபை, முன்பே உள்ளிருப்போரின் பிள்ளைகளையே மீண்டும் உள்ளழைக்கும். கல்முனைக் கரையின் வரலாறு அறிவுறுத்துவது இதுவே.